தமிழில் சொன்ன ஒரு சொல்

நாலு முழத் துணியில் பொத்தான் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சல்வோ தேடிக்கொண்டிருந்தான்.

பலெர்மோவின் பிரேதங்களுக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் மாட்டியே இருபது வருடம் ஓட்டியவன் அவன். சவப்பெட்டிக் கடைக்காரரின் ஆள். வேட்டி அவன் கைக்கு வந்தது இதுதான் முதல் தடவை. இரண்டு நுனியையும் பிடித்து உயர்த்திப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், கடைசியில் கேசிகாவைப் பார்த்தான்.

"தாங்கோ, நான் கட்டிறன்" என்று தமிழில் சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சல்வோவுக்கு என்ன விளங்கியதோ, பேசாமல் கொடுத்துவிட்டான்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் பிரேதம் பார்க்க விடுகிற சின்ன அறை அது. அதில் அப்பா நகுலேஸ்வரன் நீட்டி நிமிர்ந்து கிடந்தார். அறுபது வயது. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, புதன்கிழமை காலை போனவர். அம்மா இந்திராதேவி வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பார்க்காமலே கட்டளை மட்டும் போட்டாள்.

"இறுக்கிக் கட்டு. அவருக்குத் தளந்தாப் பிடியாது."

"அவர் இனி எழும்பி நடக்கப் போறாரே அம்மா?"

கேசிகா இறுக்கித்தான் கட்டினாள்.

மணி பதினொன்றரை. மூன்று மணிக்குப் பெட்டியை மூடுவார்கள். மூடினால் மூடியதுதான். தகனத்துக்கு வரிசை இருக்கிறது, பெட்டி எந்தக் கிழமை எரியும் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆகவே முகம் பார்க்க மூன்று மணிதான் கடைசி. தம்பி சிந்துஜன் இரண்டரைக்கு வீடியோவில் வருவதாகச் செய்தி போட்டிருந்தான். இத்தாலிய ராணுவத்தில் சேர்ந்து, ஐ.நா.வின் நீலத் தொப்பி போட்டு, தெற்கு லெபனானில் நிற்கிறவன் அவன். மூன்று கிழமைக்கு முந்தி இஸ்ரேலின் டாங்கிகள் எல்லையைத் தாண்டி அங்கே இறங்கிய நாளிலிருந்து பாதி நாளை நிலவறைக்குள் கழிக்கிறான். லீவு கேட்டான், கொடுத்தார்கள். வெளியே வருகிற பாதையில்தான் சண்டை.

செய்தியின் கடைசி வரி இப்படி இருந்தது: 'அக்கா, முதல் உன்னோடை தனியாக் கதைக்கோணும். அப்பா என்னிலை கோவத்தோடையே போனவர்? உண்மையைச் சொல்லு.'

உண்மை கேசிகாவிடம் இருந்தது. நாலு மாதமாக இருந்தது. இன்றைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம் என்று தட்டிக்கொண்டே வந்தவளும் அவள்தான்.

அவர்கள் வீட்டில் தமிழுக்கும் இத்தாலியனுக்கும் ஒரு பாகப்பிரிவினை இருந்தது. பயந்த சாமான்களெல்லாம் இத்தாலியனில். விசாப் பேப்பர் பெர்மெஸ்ஸோ. பொலிஸ் கந்தோர் குவெஸ்தூரா. அப்பா குவெஸ்தூரா என்று சொல்லும்போது அது வரிசையில் நின்று கொட்டாவி விடுகிற இடம். அதையே பொலிஸ் என்று யாராவது சொன்னால் அவருடைய கை சட்டைப் பையில் அடையாள அட்டையைத் தடவும். முப்பது வருடமாகியும் தடவும். சிந்துஜன் ராணுவப் பரீட்சை பாஸ் பண்ணியபோது வீட்டைக் காப்பாற்றியதும் இந்தப் பாகப்பிரிவினைதான். அப்பா ஒருநாளும் 'ஆமி' என்று சொன்னதில்லை. "மகன் எசெர்சித்தோவிலை" என்பார். மூச்சு விடாமல், "கவுண்மெந்து உத்தியோகம், பென்சன் இருக்கு" என்றும் சேர்த்துவிடுவார். கேட்கிறவர்கள் யாழ்ப்பாணத்துச் சனம். பென்சன் என்றதும் மற்றதையெல்லாம் மன்னித்துவிடுவார்கள்.

ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. மத்தியானம், இறால் குழம்பு. சிந்துஜன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்:

"அப்பா, ஓகஸ்ற்றிலை லிபனோ போறன். மிஸ்ஸியோனே தி பாச்சே."

அப்பாவின் இத்தாலியன் குசினி இத்தாலியன். கோப்பை, சட்டி, சிஞ்ஞோரா, நாளைக்கு வா. மொண்டெல்லோ கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்கட்டில் பழகியது. மிஸ்ஸியோனே மட்டும்தான் அவருக்குப் பிடிபட்டது.

"என்னடா மிஸ்ஸியோனே? பாதிரிமாரோடையே போறாய்?"

எல்லாரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கேசிகா யார்? பன்னிரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப்பள்ளிக்குப் போய், சொல்வதெழுதலில் கேடயம் வாங்கியவள். அந்த இத்தாலியனுக்கு நல்ல தமிழ் ஒன்று அவள் நாக்கு நுனியில் தயாராக நின்றது.

"இல்லையப்பா. அமைதிப்படை. தம்பி அமைதிப்படையிலை போறான்."

அந்தச் சொல்லைக் கண்டுபிடித்ததில் அவளுக்கு அவ்வளவு சந்தோசம். அம்மாவின் அகப்பை சட்டிக்கு மேலே அப்படியே நின்றதை அவள் பிறகுதான் கவனித்தாள். அப்பா எழும்பினார். கை கழுவினார். பல்கனியில் போய் நின்றார். கோப்பையில் சோறு பாதி கிடந்தது. அன்றிலிருந்து மகனோடு பேச்சு இல்லை. ஓகஸ்ற்றில் சிந்துஜன் பையைத் தூக்கிக்கொண்டு சொல்லிப் போக வந்த காலையில், லீவு நாளாக இருந்தும் அப்பா முதல் பஸ்ஸில் மொண்டெல்லோவுக்குப் போய்விட்டார்.

"அவருக்குச் சுகமில்லையடா. கோவமொண்டுமில்லை" என்று தம்பியிடம் சொன்னவள் கேசிகா. சின்ன வயதிலிருந்து அவளுடைய தொழிலே அதுதான். 'உங்கள் மகன் சோம்பேறி' என்று ரீச்சர் சொன்னால், 'இன்னும் கொஞ்சம் முயற்சி செய்யலாமாம்' என்று அம்மாவுக்குச் சொல்லுவாள். சாப்பாட்டுக்கடைச் சிஞ்ஞோரா அப்பாவைக் கழுதை என்றால், 'களைச்சுப்போனியள் போலையாம்' என்பாள். எட்டு வயதிலிருந்து பாலில் தண்ணீர் கலந்தவள், ஒரேயொரு நாள் கலக்காமல் ஊற்றினாள். அது அப்பாவின் நெஞ்சில் போய் விழுந்தது.

இரண்டு மணிக்கு ஆட்கள் வரத்தொடங்கினார்கள். வேலையிலிருந்து ஒரு மணித்தியாலம் கேட்டு ஓடிவந்தவர்கள், ஏப்ரனைப் பைக்குள் சுருட்டி வைத்திருந்தவர்கள். எல்லாருக்கும் முன்னால் குணரத்தினம். அப்பாவோடு ஒரே அறையில் எட்டுப் பேராகப் படுத்து எழும்பியவர். செத்தவீடு, சாமத்தியவீடு எதையும் முன்நின்று நடத்துபவர் அவர்தான். வந்தார், கால்மாட்டில் நின்று விக்கி விக்கி அழுதார், மூக்கைத் துடைத்தார், உடனே லோகவிசயத்துக்குப் போய்விட்டார்.

"ஈரானும் ஏவுகணை விட்டிட்டான். இனி இஸ்ரேல்காரங்கள் திருப்பி அடிப்பாங்கள், அவன் திருப்பி அடிப்பான். பேந்து அமெரிக்காக்காரன் இறங்கினா எங்கையிருந்து பறப்பான்? சிகொனெல்லாவிலை இருக்கிற அவன்ரை விமானத்தளத்திலையிருந்து. இஞ்சை, எங்கடை காலடியிலை. முதல் அடி சிசிலிக்குத்தான். கபோச் சந்தையிலை மரக்கறிக்காரனும் அதைத்தான் சொல்லுறான், தெர்ட்சா குவெர்ரா எண்டு. மூண்டாவது வேல்ட் வார்."

"குணம் அண்ணை, பிரேதத்துக்குப் பக்கத்திலை நிண்டு கதைக்கிற கதையே இது?" என்றாள் கிருசாந்தினி. அம்மாவோடு வேலை செய்கிறவள். "பொடியன் அதுக்குள்ளை நிக்கிறான்."

குணரத்தினத்துக்கு முகம் செத்துப்போய்விட்டது. பிறகு வேறு அலுவலைப் பிடித்தார்.

"சரி, வாய்க்கரிசி ஆர் முதல் போடுறது? மகன் இல்லை. மச்சான்முறையிலை நான்…"

"பெட்டை போடுவாள்" என்றாள் அம்மா.

"இல்லைத் தங்கச்சி, முறை எண்டு ஒண்டு…"

"பெட்டைதான் வேட்டியும் கட்டினவள்."

அதற்குமேல் ஒருவரும் முறை கதைக்கவில்லை.

கேசிகா சுவரோரம் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டேகால். என்ன சொல்வது? 'கோவமில்லையடா, உன்னைத்தான் கேட்டுக்கொண்டு போனவர்' என்று சொன்னால் அவன் நம்புவான். நிலவறைக்குள் இருக்கிற பிள்ளைக்கு அதுதான் நல்லது என்று ஊரே சொல்லும். அவளுக்கும் நாக்கில் தண்ணீர் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அப்பா மெய்யாகவே ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதுதான் அவளைக் குடைந்தது.

போன ஞாயிறு. வார்ட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. நீலக்கொடி கட்டிய காவல் கோபுரம் ஒன்று அடிபட்டதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அப்பா கண்ணை எடுக்காமல் பார்த்தார். பிறகு அவளை விரலால் கிட்டக் கூப்பிட்டார்.

"கேசி, அவனுக்குச் சொல்லு. சனம் மாலை கொண்டு வந்தாக் கழுத்தை நீட்ட வேண்டாமெண்டு."

"ஆரப்பா மாலை கொண்டு வருகினம்? அங்கை குண்டெல்லோ விழுது."

"கொண்டு வருவினம். முதல் கொண்டு வருவினம். சொல்லு."

மருந்து மயக்கம் என்று நினைத்துத் தலையணையைச் சரிபண்ணிவிட்டாள். பஸ் தரிப்பிடத்தில் அம்மாவிடம் சிரிப்பாகச் சொன்னாள். அம்மா சிரிக்கவில்லை.

"எண்பத்தேழு ஆடியிலை இந்தியாவிலையிருந்து அமைதிப்படை எண்டு வந்தது பிள்ளை. சண்டை முடிஞ்சுதெண்டு சனம் ரோட்டுக்கரையெல்லாம் நிண்டு மாலை போட்டது. அப்பாவும் தமையனும் விடியப்புறம் எழும்பி, கோண்டாவிலிலை ஒரு வளவு விடாமல் பூப் பிடுங்கினவை. அப்பாதான் போட்டவர். இருபத்திமூண்டு வயசு. அந்த ஆமிக்காரன் குனிஞ்சு கழுத்தை நீட்டினவனாம், சிரிச்சவனாம். ஐப்பசியிலை அவங்களோடையே சண்டை. சனமெல்லாம் நல்லூர்க் கோயிலுக்கு ஓடிப்போச்சு. மாட்டுக்கு வைக்கல் போட்டிட்டு வாறனெண்டு தமையன் திரும்பிப் போனவர். வரேல்லை."

"ஏனம்மா உதை எங்களுக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

"சொல்லி? நீங்கள் பள்ளிக்கூடம் போறதோ, உதைக் காவிறதோ? பூப் பிடுங்கின கையெண்டு அவர் படுற பாடு எனக்குத்தான் தெரியும்."

பஸ்ஸில் ஏறியதும் தம்பிக்குக் குரல்செய்தி ஒன்று பதிந்தாள். மாலை, கழுத்து, அமைதிப்படை, எல்லாம். திருப்பிக் கேட்டாள். குண்டுக்குள் நிற்கிறவனுக்கு இது வேறையா என்று தோன்றியது. அழித்துவிட்டாள். திங்கள் சொல்லலாம். திங்கள் போனது. செவ்வாயும் போனது. அந்த இரண்டு நாளில் ஒருதரம் அவனுக்கு எடுத்து அப்பாவின் காதில் வைத்திருந்தால் போதும், இரண்டு பேரும் கதைத்திருப்பார்கள். தன்னைச் செருப்பால் அடித்தாலும் தகும் என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பு புதன் காலையிலிருந்து விட்டகலவில்லை.

கைபேசி பத்து நிமிடம் முந்தியே அடித்தது. அவள் முற்றத்துக்கு ஓடினாள். அம்புலன்ஸ் ஒன்று கதவைத் திறந்தபடி நின்றது. அதற்குப் பின்னால் சுவர் நிழலில் போய் நின்றாள்.

சிந்துஜனின் முகம் குழல்விளக்கு வெளிச்சத்தில் வெளிறித் தெரிந்தது. தாடி வளர்ந்திருந்தது. கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"அக்கா, கால்மணித்தியாலம்தான். லைனிலை ஆக்கள் நிக்கினம். சொல்லு."

"சிந்து…"

"தண்ணி கலக்காமல் சொல்லு."

அப்படியானால் அவனுக்குத் தெரிந்தேயிருக்கிறது, எட்டு வயதிலிருந்து அவள் செய்தது. அவளுக்கு வெட்கம் பிடுங்கியது. சொன்னாள். ஜூன் மாதச் சோற்றிலிருந்து தொடங்கி, ஒரு மூச்சில், அழுகையை அழ விட்டுக்கொண்டே சொன்னாள். "உன்னிலை கோவமில்லையடா. அந்தச் சொல்லிலைதான். மிஸ்ஸியோனே எண்டே விட்டிருந்தா அவருக்கு ஒண்டுமில்லை. நான்தான் பெரிய கெட்டிக்காரி மாதிரித் தமிழிலை சொன்னனான். அந்தப் பேரிலை வந்த ஆமிக்குத்தான் அவர் மாலை போட்டவர். பெரியப்பா அதிலைதான் இல்லாமல் போனவர். எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். தெரிஞ்சும் உனக்குச் சொல்லேல்லை. கழுத்தை நீட்ட வேண்டாமெண்டு சொல்லச் சொன்னவர், அதையும் சொல்லேல்லை. என்ரை பிழையடா. பிழையாச் சொல்லிப்போட்டன்."

அவனுக்குப் பின்னால் யாரோ இருமிக்கொண்டே இத்தாலியனில் ஏதோ சொன்னார்கள். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"மாலையோ?" என்றான்.

"ஓம்."

"இஞ்சை மாலையில்லை. எலுமிச்சம்பழம்."

அவளுக்கு விளங்கவில்லை.

"எங்கடை ஆமிக் காம்ப்புக்குக் கிட்ட ஒரு கிராமம். ஒரு வயசுபோன மனிசன், ஒவ்வொரு சனியும் ஒரு பெட்டி எலுமிச்சம்பழம் கொண்டு வந்து கேற்றிலை வைக்கும். காசு குடுத்தா வாங்காது. எங்களைப் பாத்துச் சிரிக்கும். செப்தெம்பர் கடைசியிலை வந்து கேட்டுது, வீட்டை விட்டிட்டுப் போறதோ இருக்கிறதோ எண்டு. பேத்திப்பிள்ளையும் பக்கத்திலை. கேற்றிலை நிண்டது நான். நான்தான் சொன்னனான் அக்கா. நோய் சியாமோ குவி எண்டு. நாங்கள் இஞ்சைதான் நிப்பம் எண்டு." அவன் மூக்கை உறிஞ்சினான். "நிக்கிறம்தானே. நிலத்துக்குக் கீழை. கோபுரத்தாலை பாத்தா அந்த வீடு தெரியும். முத்தத்திலை இப்ப வேறை ஆமியின்ரை டாங்கி நிக்குது. மனிசன் எங்கையெண்டு தெரியாது. பிள்ளையும் தெரியாது. நாங்கள் எழுதி மேலுக்கு அனுப்பிறம். ஒவ்வொரு நாளும் எழுதி அனுப்பிறம்."

"நீ என்னடா செய்யிறது…"

"நீ பிழையாச் சொல்லேல்லை அக்கா. சரியான சொல்லைத்தான் சொல்லியிருக்கிறாய்."

கேசிகா சுவரில் கையை ஊன்றினாள். நாலு மாதமாக அவன் கோபிப்பான், கத்துவான் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தாள். இப்படிச் சொல்லுவான் என்று நினைக்கவேயில்லை.

"அப்பாட்டைக் கேட்டிருக்கலாம்" என்றான் அவன். "மாலை போட்ட ஆள் எல்லோ. அந்த மனிசன் எங்களை என்னெண்டு நினைச்சிருக்கும் எண்டு அப்பாட்டை ஒருக்காக் கேட்டிருக்கலாம். அவர் என்னை அடிச்சுப்போட்டெண்டாலும் சொல்லியிருப்பார்."

"சொல்லியிருப்பார்" என்றாள் கேசிகா. அந்த இரண்டு நாள் திரும்ப வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.

"சரி. உள்ளை கொண்டுபோ. அம்மாட்டைக் குடு."

உள்ளே சல்வோ பெட்டியின் மூடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, திருகாணிகளோடு தயாராக நின்றான். கேசிகா கைபேசியை அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா அதை இரண்டு கையாலும் முகத்துக்குக் கிட்டப் பிடித்தாள்.

"மெலிஞ்சுபோனாய்."

"இல்லையம்மா."

"சாப்பிட்டியே?"

"ஓம். பாஸ்தா."

"தொப்பியைக் கழட்டு. அப்பாவைக் காட்டிறன்."

அவன் தலைக்கவசத்தைக் கழற்றினான். ஒட்ட வெட்டிய தலையில் பட்டி இறுக்கிய அடையாளம் இருந்தது. அம்மா கைபேசியைத் திருப்பி, பெட்டிக்கு மேலாகச் சரித்துப் பிடித்தாள். பக்கத்தில் நின்ற கேசிகாவுக்குத் திரை ஓரமாகத் தெரிந்தது. அவன் பார்த்தான். நல்லாய்ப் பார்த்தான். வேட்டி கட்டி, சால்வை போட்டு, ஷேவ் எடுத்த முகத்தோடு அப்பா கிடந்தார்.

"ஆர் வேட்டி கட்டினது?" என்று கேட்டான்.

"அக்கா."

குணரத்தினம் அரிசிக் கிண்ணத்தைத் தானாகவே கேசிகாவிடம் நீட்டினார். மூன்று தரம் போட்டாள். "இது தம்பிக்கு" என்று சொல்லி இன்னும் மூன்று தரம் போட்டாள். அரிசி உதட்டோரத்தால் வழிந்து கழுத்துக்குள் போனது. கிருசாந்தினி சத்தமாக அழத் தொடங்கினாள். சல்வோ மணிக்கூட்டைப் பார்த்தான், பிறகு அதைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டான்.

"தம்பி, நேரமாச்சு" என்றார் குணரத்தினம் குரலைத் தாழ்த்தி. "ஒருக்காக் கும்பிட்டு விடப்பன்."

"ஓம் மாமா. பொறுங்கோ, ஃபோனைக் கீழை வைக்கோணும்."

படம் ஆடியது. ஒரு கை, ஒரு சட்டைப் பொத்தான், பிறகு ஒன்றும் இல்லை. மல்லாக்க வைத்த கைபேசியில் நிலவறையின் கொங்கிரீட் கூரையும் குழல்விளக்கும் மட்டும் தெரிந்தன. அவன் எங்கே நிற்கிறான் என்று தெரியவில்லை. எங்கோ தூரத்தில் ஒன்று இடித்தது. விளக்கு அணைந்து திரும்ப எரிந்தது, கூரையிலிருந்து மெல்லிய தூசி இறங்கியது. அறையில் நின்ற எல்லோரும் திரையை எட்டி அந்தக் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மா கைபேசியை அப்பாவின் முகத்துக்கு நேரே இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தாள்.